குடியெழுப்பப்பட்ட கிராமக் குடும்பங்களைப் பற்றிச் சிறுவர் வரலாற்றுக் கதை எழுதுவது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை மாவட்டத்தின் ஏதாவது ஒரு கிராமத்திலிருந்து எழுப்பப்பட்ட, அதாவது வாழ்ந்த இடத்தை விட்டு வெளியேற்றப்பட்ட, குடும்பமொன்றின் கதையை ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு எழுத முயல்பவர்களுக்கான படிமுறை இது. அப்படியொரு கதையை நான் மூன்று தடவை எழுதிக் கிழித்து நான்காவது தடவை முடித்தேன். பின்னர் ஆசிரியர்களும் இளைஞர்களுமாகச் சிலர் எழுதியபோது கூட இருந்து பார்த்தேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள்: வெளியேறும் நாளை முதலில் எழுதினார்கள்.

அந்த நாளில் அழுகையும் மூட்டை முடிச்சும் ஓட்டமும் இருக்கும். ஆனால் எந்த வீட்டை விட்டுப் போகிறார்கள் என்பது வாசிக்கும் பிள்ளைக்குத் தெரியாது. தான் அறியாத ஒரு வீட்டுக்காகப் பிள்ளை ஒரு பக்கம் வருந்தும், அடுத்த பக்கத்தில் மறந்துவிடும். கீழே உள்ள படிகளின் ஒழுங்கு, அந்த நாளை எழுதும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுவதற்காகவே அமைந்தது.

தொடங்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கதை நடக்கும் ஆண்டின் நாட்காட்டி ஒன்று வேண்டும். கிழமை, பௌர்ணமி, அமாவாசை, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்பு, பாடசாலைத் தவணை ஆகியவற்றைக் குறித்த கையெழுத்துத் தாளாக இருந்தாலும் போதும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட பழைய படத்தின் பிரதி கிடைத்தால், குளமும் வண்டிப்பாதையும் களப்பும் எங்கே இருந்தன என்பதில் ஊகத்துக்கு இடமிராது.

அந்த மாதத்துப் பத்திரிகைகளைப் பாருங்கள். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை மலர்கள், ஊர் நினைவு மலர்கள் ஆகியவற்றை இணையத்தில் உள்ள ‘நூலகம்’ என்ற எண்ணிம ஆவணச் சேகரத்தில் தேடலாம். பத்திரிகை கொழும்புக்குத் தெரிந்ததை எழுதியது. ஊர்க் கிணற்றை யார் கட்டுவித்தார் என்பது மலரில்தான் இருக்கும்.

இவற்றோடு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் அந்தக் காலத்தில் காணி செய்தவராகவும் மற்றவர் அப்போது பிள்ளையாக இருந்தவராகவும் இருப்பது நல்லது. முதலாமவர் காணி ஏன் போனது என்பதைச் சொல்வார். இரண்டாமவர் அன்று காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்வார். கதைக்கு இரண்டும் வேண்டும்.

1. ஆண்டையும் எழுப்பப்பட்ட விதத்தையும் ஒன்றாக முடிவு செய்தல்

‘வெளியேற்றம்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல அனுபவங்கள் கிடக்கின்றன. 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புக் கொடுக்க வந்தபோது, அதற்குத் தப்புவதற்காகவே நாட்டின் பல இடங்களில் காணிக்காரர் குத்தகைக்காரரை எழுப்பினார்கள். அந்தக் கதையில் எழுப்புபவர் நேற்று வரை வீட்டுத் திண்ணையில் இருந்து வெற்றிலை போட்டவராக இருக்கக் கூடும். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் போன காணியின் கதையில் எதிரில் நிற்பது ஓர் அறிவித்தல் தாள். போரில் போன காணியின் கதையில் தாளும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை.

இவற்றைக் கலந்து எழுதுவது புதியவர்கள் விடும் பெரும் பிழை. ஒருவர் தம் கதையில் குடும்பத்துக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்து, கடைசியில் ஷெல் வீச்சில் ஓடவும் வைத்தார். இரண்டும் ஒரே குடும்பத்துக்கு நடந்திருக்கலாம். ஆனால் ஒரு சிறுவர் கதை இரண்டையும் சுமக்காது. பயத்தின் வேகம் வேறு, காத்திருப்பின் கனம் வேறு.

சில வேளை இரண்டாவது இழப்பு முதலாவதன் தொடர்ச்சியாக வரும். சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பக்கத்து மக்கள் 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஓடினார்கள். 2007இல் அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடக்கப்பட்டன. 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் பெரும்பாலானவை விடுவிக்கப்பட்டன. இதை எடுத்தால் ஓட்டத்தை எழுதுவதா, முகாமில் காத்திருந்த ஆண்டுகளை எழுதுவதா என்று முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். காத்திருப்பே சிறுவர் கதைக்கு வளமானது என்பது என் எண்ணம். கிளிவெட்டி முகாமிலோ கட்டைபறிச்சான் முகாமிலோ வளர்ந்த பிள்ளைக்குச் சொந்த ஊர் சில மைல் தூரத்தில் இருந்தும் போக முடியாத இடமாக இருந்தது.

வயதுக் கணக்கையும் இந்தப் படியிலேயே போட்டுவிடுங்கள். 2006இல் பத்து வயதான பிள்ளை 2015இல் பத்தொன்பது வயது இளைஞர். அவரைக் கடைசி அத்தியாயத்தில் பிள்ளையாகவே ஊருக்குத் திரும்ப வைக்க முடியாது.

2. காணிக்கு என்ன பத்திரம் இருந்தது என்று எழுதிக்கொள்ளுதல்

பத்திரம் ஒரு வரியாகவும் கதையில் வராமல் போகலாம். ஆனாலும் எழுதுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், யாரிடம் போய் முறையிடுகிறார்கள், எதை முதலில் பையில் வைக்கிறார்கள் என்பவற்றை அதுதான் தீர்மானிக்கும்.

உறுதிக் காணி உள்ளவர் நொத்தாரிசையும் நீதிமன்றத்தையும் நினைப்பார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் கச்சேரியை, அதாவது மாவட்ட அரச அலுவலகத்தை, நினைப்பார். சேனைக்காகக் காடு வெட்டிப் பரம்பரையாகப் பயிர் செய்தவரிடம் காட்டுவதற்குத் தாளே இருக்காது. எல்லை அவருக்கு ஒரு பாலை மரமும் புற்றும். அதை ஓர் அதிகாரிக்கு விளக்க அவர் படும் பாடே ஓர் அத்தியாயமாகும்.

அனுமதிப்பத்திரக் காணியில் இன்னுமொரு நுட்பம் உண்டு. அடுத்து உரிமை பெறும் உரித்தாளரின் பெயர் குறிக்கப்படாதபோது அந்தக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை கொடுத்தது. கிழக்கிலோ வீடும் வளவும் மகளுக்குப் போவதே வழக்கம். ‘இந்த வீடு உனக்குத்தான்’ என்று அம்மம்மா சொல்லி வளர்த்த பெண்பிள்ளை, தாளில் தம்பியின் பெயரே வரும் என்று அறியும் தருணம் எந்தப் படை நடமாட்டமும் இல்லாமலே கதையை நகர்த்தும். இதுவரை ஒருவரும் அதைத் தொட்டு எழுதியதை நான் பார்க்கவில்லை, யாராவது எழுதுங்கள்.

3. மாதத்தை வெள்ளாமையோடு பொருத்துதல்

இந்தப் படியைத் தவிர்த்தவர்களின் கதைகளில் எல்லா ஊர்களும் எப்போதும் ‘பச்சைப் பசேல்’ என்று இருந்தன. இங்கே பெரும்போகம் மாரி மழையோடு விதைக்கப்பட்டு தை, மாசி, பங்குனியில் வெட்டப்படும். சிறுபோகம் குளத்து நீரை நம்பிச் சித்திரை, வைகாசியில் விதைக்கப்பட்டு ஆவணிவாக்கில் வெட்டப்படும். எந்த மாதத்தில் எழுப்பப்பட்டார்கள் என்பதே எதை விட்டுப் போனார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

தென்னைமரவாடி மக்கள் 1984 டிசம்பரில் ஊரை விட்டு ஓடினார்கள். டிசம்பரில் பயிர் வயலில் நிற்கும். ஆறும் குளமும் நிறைந்திருக்கும். நடக்கும் வழியெல்லாம் சேறு. சம்பூர்ப் பக்கத்தவர் ஓடிய ஏப்ரல் கடைசியிலோ பெரும்போக நெல் மூடைகளாக வீட்டுக்குள் இருக்கும். புத்தாண்டு முடிந்து இரண்டு கிழமைகூட ஆகாததால் பலகாரப் பேணியில் மிச்சம் கிடக்கும். அதே 2006இன் ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது, கச்சான் காற்றும் வெயிலும் தூசியும், வெட்டுக்குக் காத்திருந்த சிறுபோகமும். மூன்று ஓட்டங்களும் ஒரே மாவட்டத்தில் நடந்தவைதான். ஆனால் ஒன்றுக்கு எழுதிய காட்சியை மற்றொன்றுக்குப் பயன்படுத்த முடியாது.

கடலோரக் குடும்பமானால் வேறு நாட்காட்டி. வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். கரைவலைத் தொழில் அந்த மாதங்களில் ஓய்ந்திருக்கும். டிசம்பரில் அப்பா தோணியில் நிம்மதியாகப் போய் வந்தார் என்று எழுதினால், நிலாவெளியில் பிறந்த ஒரு சிறுவனே உங்களைத் திருத்துவான்.

நிலவையும் பாருங்கள். ஒருவர் 2006 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு ஓட்டத்தை ‘பால் நிலவில்’ எழுதியிருந்தார். ஏப்ரல் 27 அமாவாசை. அதைச் சொன்னவுடன் அவர் அந்தக் காட்சியை முழு இருட்டில் திரும்ப எழுதினார். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி சத்தங்களைக் கொண்டே வழியறியும் பிள்ளை அப்படித்தான் கதைக்குள் வந்தாள். திகதியைச் சரிபார்க்கப் போய்க் காட்சி கிடைப்பது அடிக்கடி நடக்கும்.

4. பெரியவர்களிடம் வேலையைப் பற்றிக் கேட்டல்

‘எப்படி ஓடி வந்தீங்கள்?’ என்று கேட்டால் பலமுறை சொல்லித் தேய்ந்துபோன விடையே வரும். சில வேளை ஒன்றும் வராது, கண்ணீர் மட்டும் வரும். ஆகவே முதல் நாள் ஓட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த வருஷம் என்ன நெல் விதைத்தீர்கள், சூடு (நெற்போர்) எங்கே வைத்தீர்கள், நெல் மிதிக்கும் களவெட்டியில் யார் யார் நின்றார்கள், பட்டியில் எத்தனை மாடு, அவற்றுக்கு என்ன குறி சுட்டிருந்தீர்கள் என்று கேளுங்கள்.

மாட்டுக் குறியைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்குக் கதையே கிடைத்தது. எழுத்துக் குறியை முற்றத்து மணலில் வரைந்து காட்டிய முதியவர், திரும்பி வந்த பிறகு காட்டில் கட்டாக்காலியாகத் திரிந்த ஒரு கிழட்டுப் பசுவின் தொடையில் அதே குறியைத் தேடிப் பார்த்ததைத் தாமாகவே சொன்னார்.

குறைந்தது இரண்டு தடவை போங்கள். முதல் தடவை ஒலிப்பதிவு வேண்டாம். இரண்டாம் தடவை ஒரு தாளைக் கொடுத்து வளவைப் படமாக வரையச் சொல்லுங்கள்: படலை எந்தப் பக்கம், கிணறு எங்கே, மாலில் யார் படுப்பார்கள். இந்தப் படத்தை மேசைக்கு முன்னால் ஒட்டிவைத்தால், கிணற்றடி ஓர் அத்தியாயத்தில் கிழக்கிலும் அடுத்ததில் மேற்கிலும் இருக்கும் பிழை வராது.

சொன்னவருடைய பெயரையோ அவரை ஊரார் அடையாளம் காணக்கூடிய விவரத்தையோ கதையில் வைக்காதீர்கள். காணாமற்போன ஒருவர் அந்தக் குடும்பத்தில் இருந்தால் அவரைப் பாத்திரமாக்குவதற்கு முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

5. ஊருக்குப் பெயரிடுதல்

கற்பனை ஊர் ஒன்றை வைத்து, சுற்றியுள்ள ஊர்களை உண்மையானவையாக விடுவதே வசதி. உண்மையான ஊரின் பெயரை வைத்தால் ஒவ்வொரு வீடும் யாருடையது என்று கேள்வி வரும்.

பெயர் மண்ணிலிருந்து வர வேண்டும். சூடைக்குடாவில் குடா இருக்கிறது, பாலையூற்றில் ஊற்று இருக்கிறது, கடற்கரைச்சேனையில் சேனை இருக்கிறது, புல்மோட்டையில் மோட்டை இருக்கிறது. மரமோ மீனோ ஒன்றை எடுத்து, நிலத்தின் தன்மையைச் சொல்லும் ஓர் ஈற்றைச் சேர்த்தால் இந்த மாவட்டத்துப் பெயராகிவிடும். ‘பூஞ்சோலை’, ‘வசந்தபுரி’ போன்றவை சினிமாவுக்கு இருக்கட்டும்.

6. பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று வரையறுத்தல்

பிள்ளைக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சத்தம் தெரியும், பெரியவர்களின் முகம் தெரியும், ஒரு சொல் எப்போது மெல்லச் சொல்லப்படுகிறது என்பது தெரியும். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் வந்து காணி எடுத்தற் சட்டத்தை இரண்டு பக்கங்களுக்கு விளக்கும் காட்சியை நான் பார்த்த கையெழுத்துப் பிரதிகளில் பாதிக்கு மேல் கண்டேன். அந்த மாமாவை வெளியே அனுப்புங்கள்.

அவருக்குப் பதிலாகப் பிள்ளை காணக்கூடியதைக் கொடுங்கள். அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழான அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும் இடங்களில் ஒட்டப்பட வேண்டும் என்பது சட்டம். மரத்தில் ஆணியடித்த அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். தன் ஊரின் பெயர் அச்சில் வந்துவிட்டது என்று சந்தோஷப்படவும் செய்யலாம். அந்தச் சந்தோஷம் வாசகரைக் குத்தும்.

பழைய காலத்தில் நில அளவையாளர் 66 அடிச் சங்கிலியால் அளந்தார். என் முதற் பிரதியில் அதை ஒரு தகவலாகவே எழுதியிருந்தேன். நான்காவது பிரதியில் பிள்ளை கேட்கிறாள்: ‘அம்மம்மா, எங்கட சிவப்பியையும் அந்தச் சங்கிலியால கட்டிக்கொண்டு போவாங்களோ?’ தகவல் அதேதான். இப்போது அது பிள்ளையின் பயத்துக்குள் இருக்கிறது.

பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுங்கள். கன்றை அவிழ்ப்பது, பரணில் இருந்து கிளி கலைப்பது, தயிர்ச் சட்டிக்கு வாய் கட்டுவது என்று ஏதாவது ஒன்று. வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு இழப்பதற்கு ஒன்றும் இருக்காது.

7. எழுதும் ஒழுங்கு

முதலில், ஒன்றுமே நடக்காத ஒரு சாதாரண நாளை விடியல் முதல் இரவு வரை எழுதுங்கள். அதில் பிள்ளையின் வேலை, வளவின் அமைப்பு, ஒரு சிறு சண்டை, ஒரு சாப்பாடு ஆகியவை இருக்கட்டும். இது பெரும்பாலும் முதல் அத்தியாயமாகவே நின்றுவிடும்.

இரண்டாவதாக, வெளியேறிய பின் வரும் முதல் நாளை எழுதுங்கள்: பாடசாலை மண்டபத் தரையிலோ உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலோ கண் விழிக்கும் காலை. சாதாரண நாளில் செய்த வேலைகளில் எவை இப்போது இல்லை என்பதை மட்டும் எழுதினால் போதும். விழித்தவுடன் கன்றை அவிழ்க்க எழுந்து, பிறகு நினைவு வந்து உட்காரும் பிள்ளையைப் பற்றி நீங்கள் வேறு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக, இடையில் உள்ள அறிகுறிகளை எழுதுங்கள். வெளியேறும் நாளை அதற்குப் பிறகே தொடுங்கள். இப்படிச் செய்தால் அந்த நாளில் எந்தப் பொருளை எடுக்க மறக்க வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

8. வெளியேறும் நாள்

இதைச் சுருக்கமாக எழுதுங்கள். என் கதையில் மற்ற அத்தியாயங்கள் ஆயிரம் சொற்களுக்குக் கிட்ட இருக்க, இது அறுநூறோடு நின்றது.

இறந்தவர்களைக் காட்டுவதா என்ற கேள்வி எழும். நடந்ததை மறைப்பது பிள்ளையை ஏமாற்றுவதாகும். உடலை விவரிப்பது அதைக் கதைக்கு வெளியே துரத்துவதாகும். யார் வந்து சேரவில்லை என்பதைப் பிள்ளை எண்ணிப் பார்க்கும் விதத்தில் எழுதுவது எனக்கு ஒத்துவந்தது.

எடுத்துப்போகும் பொருட்களில் காலம் பிழைக்கக் கூடாது. தேசிய அடையாள அட்டை 1970களில்தான் வந்தது. 1958இல் நடக்கும் கதையில் கூப்பன் புத்தகமும் உறுதியும் தகரப் பெட்டியில் இருக்கும். 2006இல் அவை பொலித்தீன் பைக்குள் சுற்றப்பட்டு அம்மாவின் இடுப்பில் இருக்கும்.

எழுப்பியவர்களின் இனத்தையோ மதத்தையோ கொடுமையின் காரணமாக்கி விடாதீர்கள். திருகோணமலையில் உங்கள் புத்தகம் போகும் வகுப்பறைக்கு அடுத்த தெருவில் மற்ற இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுடைய குடும்பங்களிலும் ஓடியவர்கள் உண்டு. அதற்காக நல்ல சிங்களத் தோழன் ஒருவனையோ நல்ல முஸ்லிம் தோழி ஒருத்தியையோ கடைசி அத்தியாயத்தில் திடீரென்று கொண்டுவந்து இறக்குவதும் பலிக்காது. அப்படி ஒருவர் தேவையென்றால் அந்தச் சாதாரண நாளிலேயே, ஒரு வேலையோடு, வரட்டும்.

9. பேச்சும் பதவிப் பெயர்களும்

கதை சொல்லும் மொழி எளிய எழுத்துத் தமிழாகவும் உரையாடல் ஊர்ப் பேச்சாகவும் இருக்கலாம். அம்மம்மா, அப்பப்பா, மாமி என்ற முறைகளும், முஸ்லிம் வீட்டில் வாப்பா, உம்மா, மூத்தம்மா என்ற முறைகளும் அப்படியே வரட்டும். ‘வெள்ளாமை’, ‘வட்டை’ போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்புப் போடாமல், அந்த வேலையைக் காட்டினால் வேற்றூர்ப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும்.

நான் வெட்கப்பட்ட பிழை ஒன்று இங்கே உண்டு. 1950களில் நடக்கும் ஒரு காட்சியில் ‘கிராம சேவையாளர்’ வந்து கையெழுத்து வாங்குவதாக எழுதி, அதை ஒரு முதியவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘அப்ப ஏது தம்பி கிராம சேவையாளர்? விதானையார்தான்’ என்றார். விதானைமார் முறை நீங்கிக் கிராம சேவையாளர் பதவி வந்தது 1963இல். அதுபோலப் பிரதேச செயலாளர் என்ற பதவி 1992க்குப் பிந்தியது; அதற்கு முன் உதவி அரசாங்க அதிபர், அதற்கும் முன் டி.ஆர்.ஓ. எனப்பட்ட காரியாதிகாரி. 1988 முதல் 2006 முடியும் வரை வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்ததால், அந்தக் காலத்துக் கடிதத் தலைப்பில் ‘வடக்கு கிழக்கு மாகாணம்’ என்றே இருக்க வேண்டும்.

போக்குவரத்தும் அப்படியே. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் துறையைப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். பழைய கதைகளில் மைல், இறாத்தல், கொத்து, புசல் ஆகியவற்றையே பயன்படுத்துங்கள்.

10. வாசித்துக் காட்டித் திருத்துதல்

முதலில் வரைபடம் வரைந்து தந்த பெரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிழை திருத்துவதோடு, எடுக்கச் சொல்வதை எடுங்கள். பின்னர் ஆறாம் அல்லது ஏழாம் தரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டி உரக்க வாசியுங்கள். அவர்கள் நெளியத் தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், ‘பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்பார்கள். ‘அவர்களுடைய வீட்டில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது?’ என்று கேளுங்கள். கை நீட்டிக் காட்டினால் முதல் அத்தியாயம் வேலை செய்கிறது. காட்டாவிட்டால் ஏழாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

கடைசியாக, புத்தகத்தின் பின்னால் ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள்: ஊர் கற்பனை, ஆண்டு உண்மை, எந்தச் சட்டத்தின் அல்லது எந்தச் சம்பவத்தின் பின்னணி, எவை நீங்கள் சேர்த்தவை. இதைப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள், ஏனென்றால் தம் அப்பப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள் இந்தப் பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள்.